தரங்கம்பாடிக் கடிதங்கள்: ஓர் ஊர் வரலாற்று மூலம்

தரங்கம்பாடி என்னும் பெயருக்கு அலைகள் பாடும் ஊர் என்று பொருள் கூறுதல் இன்று பெருவழக்காகிவிட்டது. சுற்றுலாக் கையேடுகளும் செய்தித்தாள் கட்டுரைகளும் இதனையே திரும்பத் திரும்ப உரைக்கின்றன. தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயின், ‘பாடி’ என்பது ஈண்டுப் பாடுதல் தொழிலைச் சுட்டுவதன்று. ஆயர்பாடி, வாணியம்பாடி என்பவற்றிற் போலக் குடியிருப்பைச் சுட்டுவதாகும். இனி, அவ்வூர்க் கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த அக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரபட்டினம் என்றும் வழங்குகின்றது. சடங்கன்பாடி என்பதே நாளடைவில் ஒலி திரிந்து தரங்கம்பாடியாயிற்று எனக் கொள்ள இடமுண்டு. கல்லிற் பொறித்த பெயர் இருக்கவும் பின்னெழுந்த விளக்கம் மட்டும் மக்கள் நாவில் வழங்குவது ஏன்? விளக்கம் எளிய தமிழில் எங்கும் கிடைக்கின்றது. கல்வெட்டோ அறிக்கைத் தொகுதிகளுள் அடங்கிக் கிடக்கின்றது. ஊர் வரலாறு காக்கப்பட்டிருத்தல் வேறு, அஃது ஊரார்க்கு எட்டுதல் வேறு. இவ் வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டும் மற்றொரு சான்றினை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

தரங்கம்பாடி சிற்றூரேயாயினும் எழுத்துச் சான்றுகளால் வளம் பெற்றது. தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டேனியர்க்கும் 1620-ஆம் ஆண்டில் உடன்படிக்கை நிகழ்ந்தது. நாயக்கர் அக்காலத்தில் டேனிய மன்னர்க்கு விடுத்த பொன்னேட்டுத் திருமுகம் கோப்பனேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளது. 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்று நீங்கினர். இரண்டு நூற்றாண்டிற்கு மேற்பட்ட ஆட்சியின் ஏடுகளுட் பெரும்பகுதியும் கோப்பனேகன் சேர்ந்தது. 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுட்சோ என்னும் சமயத் தொண்டர்களும், அவர்க்குப் பின் வந்தோரும் எழுதியவை ஜெர்மனி நாட்டு ஹாலே நகரைச் சேர்ந்தன. அந்நகரிலிருந்து 1710 முதல் 1772 வரை 108 பகுதிகளாக வெளிவந்த அறிக்கைகள் இவ்வூரைப் பற்றிய செய்திக் களஞ்சியம் எனலாம். இவை அழியவில்லை; கரையான் அரிக்கவுமில்லை; 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இவற்றைத் தீண்டவில்லை. ஆயினும் டேனிய மொழியும், பழைய ஜெர்மன் எழுத்தும் அறியாத ஒருவர் இவற்றுள் ஒரு பக்கத்தையும் மூலத்திற் படித்தல் இயலாது.

அவ்வறிக்கைகளுள் தமிழ் ஆராய்ச்சியாளர் தனியே எடுத்து நோக்கத்தக்கது ‘மலபார்க் கடிதப் போக்குவரத்து’ என்னும் பகுதி. மலபார் என்ற சொல் அக்கால ஐரோப்பியர் வழக்கில் தமிழரையும் தமிழ் மொழியையும் குறித்தது. சேரநாட்டை எண்ணி மயங்குதல் கூடாது. 1712 முதல் 1714 வரை, சீகன்பால்கும் அவருடன் தொண்டாற்றிய குருண்ட்லரும் தமிழர் சிலர்க்கு வினாக்கள் எழுதி விடுத்தனர். அவற்றிற்கு வந்த தமிழ் விடைகளை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து, தம் குறிப்புகளையும் சேர்த்து ஹாலேக்கு அனுப்பினர். ஐம்பத்தைந்து கடிதங்கள் 1714-இலும் நாற்பத்து நான்கு கடிதங்கள் 1717-இலும் அச்சாயின. இவற்றுட் சிலவற்றை 1717-இலேயே பிலிப்சு என்பவர் இலண்டனில் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். தமிழில் எழுதப்பட்ட மூலக் கடிதங்களோ கிடைத்தில. தரங்கம்பாடியில் அன்று அச்சுக்கூடம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. இலண்டனிலிருந்து வந்த அச்சுப்பொறியும் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்களும் 1713-ஆம் ஆண்டிற்குள் அவ்வூரை அடைந்துவிட்டன. புதிய ஏற்பாடு அங்கேயே அச்சேறியது. அதே ஊரில், அதே ஆண்டுகளில் எழுதப்பட்ட தமிழ்க் கடிதங்கள் அவ்வெழுத்துக்களிற் கோக்கப்படவில்லை. எழுதியவர் ஊரினும் இலண்டன் அவற்றை முன்னே படித்தது.

இக் கடிதங்களை இதுகாறும் ஆராய்ந்தோர் பெரும்பாலும் சமய உரையாடலாகவே கொண்டனர். அது பிழையன்று. வினவியவர் சமயத் தொண்டர். வினாக்களிற் பலவும் கடவுள், வழிபாடு, வீடுபேறு பற்றியவை. கிறித்தவம் பற்றித் தமிழர் என்ன கருதுகின்றனர் என்ற வினாவிற்குக் கிடைத்த விடைகள் இன்றும் சுவை குன்றாதவை: ஐரோப்பியர் மாட்டிறைச்சி உண்பதையும், மது அருந்துவதையும், தூய்மை பேணாமையையும் எடுத்துக்காட்டி, கோட்பாட்டினும் ஒழுக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு அவர்கள் விடை இறுத்துள்ளனர். ஆயினும் சமயம் என்னும் ஒரு கண்ணால் மட்டும் நோக்குவார்க்குக் கல்வி, மருத்துவம், உழவு, மண முறை, நாள் பார்த்தல் ஆகியன பற்றிய விடைகள் வெறும் துணைச் செய்திகளாய்த் தோன்றும். ஊர் வரலாறு எழுதுவார்க்கோ இவையே முதற்பொருள். ஆட்சியாளரின் கணக்கேடுகள் வரியையும் வழக்கையும் கூறும். தலபுராணம் மூர்த்தியையும் தீர்த்தத்தையும் கூறும். ஊரில் வாழ்ந்த ஒருவன் தன் வழக்கங்களைத் தானே விளக்கி எழுதிய உரைநடை பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொடங்குவதே 1736-இல்தான். இக் கடிதங்கள் அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டவை.

இவ்வளவு கூறியபின், இவற்றின் குறைகளையும் மறையாது கூறல் வேண்டும். விடை வினாவின் எல்லைக்குள் நிற்பது. வினவாதன இங்கு இடம்பெறா. கடற்கரையூர் ஒன்றின் எழுத்துக்களில் கடல்தொழிலும் மீனவர் வாழ்வும் பெரிதும் பேசப்படாமைக்குக் காரணம் அவற்றைப் பற்றிக் கேட்பார் இன்மையே. மேலும், எழுத்தாணி பிடிக்கக் கற்ற ஆடவர் வாயிலாகவே ஊர் பெரிதும் பேசுகின்றது. பெண்டிரும் நெசவாளரும் பிறர் எழுத்தினூடே தோன்றி மறைகின்றனர்.

எழுதியவர் யார் என்பது அடுத்த சிக்கல். அச்சில் அவர்தம் பெயர் இல்லை. பலர் எழுதிய விடைகள் என்றே ஹாலேயார் இவற்றை வெளியிட்டனர். 1998-இல் இவற்றை மீண்டும் பதிப்பித்த கர்ட் லீபவ் என்னும் ஜெர்மன் அறிஞர், சீகன்பால்கின் மொழிபெயர்ப்பாளராய் இருந்த அழகப்பன் என்பவரே மிகப் பலவற்றை எழுதியிருத்தல் வேண்டும் எனக் கருதினார். இக் கருத்து உண்மையாயின் கடிதங்களின் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தொண்ணூற்றொன்பது கடிதங்களைத் தொண்ணூற்றொன்பது பேரின் கருத்தாக எண்ணிக் கூட்டும் முறைதான் வீழும். அதற்கு ஈடாக, டேனியரிடம் பணிபுரிந்து, அவர் மொழியும் அறிந்து, தன் ஊரை அயலார்க்கு விளக்கும் தொழிலையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு தமிழன் நமக்குக் கிடைக்கின்றான். ஆயினும் ‘தமிழர் இவ்வாறு கருதினர்’ என்று பொதுப்படக் கூறும் ஆய்வேடுகள் இச் சிக்கலைக் கண்டுகொள்வதில்லை. ஒரு கடிதத்திலிருந்து ஒரு நாட்டின் கருத்தை வடித்தெடுத்தல் ஆராய்ச்சி ஆகாது.

மூன்றாவது, இவற்றை அச்சிட்டோரின் நோக்கம். சீகன்பால்கு 1713-இல் எழுதிய தென்னிந்தியக் கடவுளர் மரபு பற்றிய நூல் ஹாலேயில் அச்சேறாது கிடந்து, 1867-இல் சென்னையில்தான் வெளிப்பட்டது. அவர் 1711-இல் எழுதி முடித்த தமிழர் சமயம் பற்றிய பெருநூல் 1926-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. அவற்றை ஒதுக்கிய அதே ஹாலே நகரத்தார் இக் கடிதங்களை உடனே அச்சிட்டனர். தம் நாட்டுக் கிறித்தவர் ஒழுக்கத்தை இடித்துரைக்க இவை பயன்படும் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும் என்பது என் கருத்து. அங்ஙனமாயின் எவை அச்சேறின, எவை விடப்பட்டன, பெயர்ப்பில் எது கூர்மையாக்கப்பட்டது என்னும் வினாக்கள் எழுகின்றன. மூலம் இன்மையின் இவற்றிற்கு முடிந்த விடை கூறல் அரிது.

இக் கடிதங்களுக்குத் துணையாக வைத்துப் படிக்கத்தக்கது சீகன்பால்கு 1708-இல் எழுதி அனுப்பிய தமிழ் நூற்பட்டியல். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களை அவர் அதில் விளக்கியுள்ளார். தம் எழுத்தர்களைப் பல நாள் வழி உள்நாட்டிற்கு விடுத்து, பார்ப்பனக் கைம்பெண்களிடமிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கிய செய்தியையும் அவரே எழுதியுள்ளார். ஏடுகள் வீட்டைவிட்டு நீங்கிய வழி இது. படித்தவன் இறந்தபின் ஏடு விலைப்பொருளாயிற்று! கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திண்ணைப் பள்ளி ஒன்றைத் தம் இல்லத்திற்கே வரவழைத்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர் அவர். ஆதலின் அப் பட்டியல் ஓர் அயல்நாட்டாரின் நூலகத்தைக் காட்டுவதோடு, ஊர்ப் பிள்ளைகள் எதனைப் பயின்றனர் என்பதையும் ஓரளவு காட்டுகின்றது. கடிதங்களில் கல்வி பற்றி வரும் பகுதிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டு நோக்கினால், எழுதியவர் கேட்டறிந்து கூறுவது எது, தாம் பயின்று கூறுவது எது என்பது சில இடங்களில் விளங்கும்.

இனி, இக் கடிதங்களை ஊரார் கையில் மீண்டும் தமிழாகக் கொடுக்கும் பணி பற்றிச் சிறிது கூறவேண்டும். ஹாலே அறிக்கைகள் இன்று கணினி வழியே எவரும் காணத்தக்கனவாக உள்ளன. டேனியல் ஜெயராஜ், ரிச்சர்டு பாக்ஸ் யங் இருவரும் செய்த ஆங்கிலப் பெயர்ப்பு 2013-இல் வெளிவந்தது. ஆகவே பொருளை அறிதல் முன்போல் அரிதன்று. அரிதாய் நிற்பது, தமிழில் பிறந்து தமிழை இழந்த ஒரு நூலை எந்தத் தமிழில் எழுதுவது என்னும் வினா. பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடையைப் போலச் செய்து, மணிப்பிரவாளச் சொற்களையும் பேச்சுத் திரிபுகளையும் கலந்து எழுதலாம் என்பர் சிலர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நடையும், சீகன்பால்கு 1716-இல் வெளியிட்ட தமிழ் இலக்கணத்திற் காணும் வழக்குச் சொற்களும் அதற்குத் துணையாகும் என்பது அவர் கருத்து. யான் இதற்கு உடன்படேன். அவ்வாறு செய்யும் பெயர்ப்பு எத்துணைத் திறமாக அமைகின்றதோ அத்துணைத் தீங்கு செய்யும். ஓரிரு தலைமுறைக்குப் பின் அதனையே மூலமெனக் கொண்டு, அச் சொற்களைக் காலத்திற்குச் சான்றாகக் காட்டுவார் தோன்றுவர். அலைகள் பாடும் ஊருக்கு நேர்ந்ததே கடிதங்களுக்கும் நேரும்.

இக்காலத் தமிழிலேயே தெளிவாகப் பெயர்த்தல் வேண்டும். ஜெர்மன் பதிப்பு ஒரு தமிழ்ச் சொல்லை ஒலிபெயர்த்து வைத்திருக்கும் இடத்தில் மட்டும் அச் சொல்லை அப்படியே வைத்து, வேறு எழுத்தால் அச்சிடலாம். அத்தகைய சொற்களே அழிந்த மூலத்தின் எஞ்சிய துளிகள். அவற்றை மட்டும் தொகுத்து அகரவரிசைப்படுத்துதல் முதுகலை மாணவர் ஒருவரின் ஓராண்டுப் பணிக்குப் போதும். தொண்டர்கள் சேர்த்த குறிப்புகளைக் கடிதத்தோடு கலவாமல் பக்கத்தின் அடியில் நிறுத்துதல் வேண்டும். ‘மலபார்’ என்று வருமிடமெல்லாம் ‘தமிழர்’ என மாற்றிவிடுவதும் தக்கதன்று. கடிதம் எழுதியவன் தன்னைக் குறிக்க எச்சொல்லை ஆண்டான் என்பதை நாம் அறியோம். சாதிப் பெயரோ, நாட்டுப் பெயரோ, ‘எங்கள் ஜனங்கள்’ என்பது போன்றதொரு தொடரோ அங்கு நின்றிருக்கலாம். அவ்விடத்தில் ஜெர்மன் சொல்லையே வைத்து, ஐயத்தைப் படிப்பவர்க்கும் தெரியச் செய்தலே பதிப்பாசிரியன் கடமை.