சொல்லிச் செய்யும் கித்தார்: யார் சொல் செல்லும்?

கடையில் தொங்கும் கித்தாரை வாங்குவது ஒரு வகை. கைவினைஞரின் பட்டறைக்குப் போய், முன்பணம் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து சொல்லிச் செய்வது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் பணம் கொடுப்பவரின் சொல் எதுவரை செல்ல வேண்டும்? என் காசு, நான் சொன்னபடிதான் வர வேண்டும் என்பார் ஒருவர். தொழில் தெரிந்தவரிடம் நாம் வாய் திறக்கக் கூடாது என்பார் இன்னொருவர். இரண்டுமே பிழை என்று நினைக்கிறேன்.

சொல்லிச் செய்ய வருகிறவர் பெரும்பாலும் முதலில் பேசுவது மரத்தைப் பற்றி. பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் ஈட்டி வேண்டும், அதுவும் பிரேசில் ஈட்டி கிடைத்தால் மிக நல்லது என்பார். கோலாலம்பூர்க் கைவினைஞர் ஜெஃப்ரி யோங் இந்த ஆசைக்கு எதிர்த்திசையில் போனவர். நம் சாலையோரங்களில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தில் அவர் கித்தார் செய்தார். மாலையில் இலை கூம்புவதால் மலாய்க்காரர்கள் 'பூக்குல் லீமா' என்று அழைக்கும் அதே மரம். 2006-இல் அமெரிக்காவின் டகோமா நகரில் கித்தார் கைவினைஞர் சங்கம் நடத்திய மாநாட்டில், எது யாருடைய கித்தார் என்று தெரியாமல் காதால் மட்டும் கேட்டு மதிப்பிட்ட அமர்வில், அந்தத் தூங்குமூஞ்சிக் கித்தார் முதலிடம் பெற்றது.

இதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் தூங்குமூஞ்சி ஈட்டியை வென்றுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. நடந்தது ஒரே அமர்வு, ஒவ்வொரு கித்தாரும் வெவ்வேறு கை செய்தது. அங்கே மரத்தை மட்டும் தனியே பிரித்து யாரும் அளக்கவில்லை. அப்படிப் பிரித்து அளந்தவர்கள் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். இங்கிலாந்துக் கைவினைஞர் ரோஜர் பக்னல், பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் மாறும்படி ஆறு கித்தார்கள் செய்து கொடுத்தார். 52 கித்தார் கலைஞர்கள் மரத்தைப் பார்க்க முடியாத நிலையில் அவற்றை வாசித்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, அரிய பிரேசில் ஈட்டிக்கும் மலிவான மரங்களுக்கும் கிடைத்த மதிப்பீடு ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பெயினின் அந்தோனியோ தோரெஸ் 1862-லேயே பின்னும் பக்கமும் காகித அட்டையால் ஒரு கித்தார் செய்து காட்டியிருந்தார். நாதத்தின் பெரும்பங்கு மேற்பலகையிலும், அதன் அடியில் ஒட்டும் தாங்குகட்டைகளிலும், அவற்றை இழைக்கும் கையிலும் இருக்கிறது. ஆகவே டகோமாவில் வென்றது மரம் என்பதைவிட யோங்கின் கை என்பதே சரி.

இதனால் ஈட்டி கேட்பவர் முட்டாள் என்று ஆகிவிடாது. அதன் அழகு உண்மையானது. அழகுக்காகக் கேட்டால் அழகுக்கான விலையைக் கொடுத்துக் கேட்கட்டும். அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் பிரேசில் ஈட்டி முன்பே வந்துவிட்டது, 2017 ஜனவரியிலிருந்து எஞ்சிய ஈட்டி இனங்களும் வந்தன. 2019 நவம்பரில் கிடைத்த விலக்கு பிரேசில் ஈட்டிக்கு இல்லை, மற்ற இனங்களிலும் செய்து முடித்த இசைக்கருவிகளுக்குத்தான், பலகையாக வாங்கும் சிறு பட்டறைக்கு அல்ல. இதையெல்லாம் சொல்லாமல், மரத்தை மாற்றினால் நாதம் மாறும் என்று கூடுதல் காசு வாங்கும் கைவினைஞரைத்தான் நான் குறை சொல்வேன். வாடிக்கையாளரின் அறியாமையை விலையாக மாற்றுவது தொழில் நேர்மை ஆகாது.

அப்படியென்றால் வாடிக்கையாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜாஸ் கித்தார் கலைஞர் பாட் மெத்தினி, டொரண்டோவின் கைவினைஞர் லிண்டா மான்சரிடம் எத்தனை தந்திகள் முடியுமோ அத்தனையும் வேண்டும் என்றார். 1984-இல் 42 தந்திகளோடு 'பிக்காஸோ' கித்தார் பிறந்தது. மெத்தினி கேட்டது எண்ணிக்கையை மட்டும். அத்தனை தந்திகளையும் மடியில் வைத்து வாசிப்பவர் குனிந்து பார்க்க வேண்டுமே என்று யோசித்தவர் மான்சர். வாசிப்பவர் பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் இருக்கும்படி உடலைச் சாய்த்தார். அந்தச் சாய்வைப் பின்னர் உலகெங்கும் கைவினைஞர்கள் எடுத்தாண்டார்கள். தேவையைச் சொன்னவர் வாசிப்பவர், விடை கண்டவர் செய்தவர்.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று, ஜாஸையும் இந்திய இசையையும் இணைத்த சக்தி குழுவில் இருக்கிறது. கமகம் வேண்டும் என்று அதன் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் கேட்டார். கைவினைஞர் ஏப் வெக்டர் அவருக்காகச் செய்த கித்தாரில் ஃபிரெட்டுகளுக்கு இடையே பள்ளம் செதுக்கப்பட்டது, குறுக்கே சுருதித் தந்திகள் சேர்ந்தன. அதே குழுவின் வயலின் கலைஞர் எல். சங்கர், வயலினும் வயோலாவும் செல்லோவும் டபுள் பேஸும் தொடும் எல்லையை ஒரே கருவியில் கேட்டார். 1980-இல் கென் பார்க்கர் பத்துத் தந்தி இரட்டை வயலினைச் செய்து கொடுத்தார். இருவருமே விலைப்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவில்லை. தங்கள் இசைக்கு என்ன தேவை என்பதைக் கேட்டார்கள்.

தஞ்சாவூரில் மிருதங்கக் கைவினைஞர் பர்லாந்துவும் வித்வான் பாலக்காடு மணி ஐயரும் மிருதங்கத்தில் செய்தது இதுதான் என்பதை டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) விரிவாகக் காட்டுகிறது. இந்த நாதம் வேண்டும் என்றவர் வித்வான். எந்தத் தோல், எவ்வளவு கனம், எத்தனை இழுப்பு என்று தேடி விடை கண்டவர் பர்லாந்து. புகழ் மட்டும் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது. சொல்லிச் செய்யும் தொழிலில் நடக்கும் பெரிய அநீதி அதுதான். வாடிக்கையாளரின் சொல் அதிகமாகிவிடுமோ என்ற கவலையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்குத் தட்பவெப்பமும் சேர்ந்துகொள்கிறது. கித்தார் ஒட்டும் பட்டறையில் ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காட்டை ஒட்டி இருப்பது தொழில் வழக்கம். வெளியே 80-ஐ ஒட்டி நிற்கிறது. கிள்ளானில் ஜன்னல் திறந்த வீட்டில் கிடக்கும் கித்தாரின் மேற்பலகை உப்பும், குதிரை எழும்பும், தந்தி விரலுக்கு எட்டாமல் உயரும். அதையே பிரிக்பீல்ட்ஸில் குளிரூட்டிய அரங்குக்கு அடிக்கடி தூக்கிப் போனால் மரம் சுருங்கும், வெடிக்கவும் கூடும். இந்த நிலையில் 'மேற்பலகையை இன்னும் மெல்லிசாக இழையுங்கள், நாதம் கூடும்' என்று ஒருவர் கேட்டால், முடியாது என்று சொல்வது கைவினைஞரின் கடமை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டிச் செய்து கொடுத்து, இரண்டு வருடத்தில் குதிரை பெயர்ந்தபின் 'நீங்கள்தானே கேட்டீர்கள்' என்பவர் வாடிக்கையாளரை மதித்தவர் அல்ல.

என் தீர்ப்பு இது. தன் உடம்பையும் இசையையும் பற்றி வாசிப்பவருக்குத்தான் தெரியும். கழுத்தின் கனம், தந்தி நீளம் 650 மில்லிமீட்டரா சிறிய கைக்கு 640-ஆ, தந்தியின் உயரம், கமகத்துக்குப் பள்ளம் வேண்டுமா, தேவாலயத்தில் வாசிப்பதா, நாட்டியத்துக்கு வாசிப்பதா என்பவற்றில் அவர் சொல்லே இறுதி. இவற்றில் தன் ரசனையைத் திணிக்கும் கைவினைஞர், எத்தனை புகழ் பெற்றவரானாலும், தவறு செய்கிறார். மேற்பலகையின் கனம், தாங்குகட்டை, ஒட்டு, மரத்தின் உலர்ச்சி ஆகியவற்றில் கைவினைஞர் சொல்லே இறுதி. பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அலங்காரம் காசு கொடுப்பவர் விருப்பம்.

கித்தார் சொல்லிச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்தின் பெயரோடு பட்டறைக்குப் போகாதீர்கள். இப்போது வாசிக்கும் கித்தாரை எடுத்துப் போய், அவர் முன்னால் வாசித்துக் காட்டி, எங்கே விரல் வலிக்கிறது, எந்தச் சுரம் எழவில்லை, வீட்டில் கித்தாரை எங்கே வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பேசி முடித்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கித்தார் கைக்கு வந்து மேடையேறும்போது, செய்தவர் பெயரையும் சபையில் சொல்லுங்கள்.