தட்டுக்கு மந்திரிப்பு

சங்கீத ரசிகர்களில் ஒரு வகையினர் உண்டு. பாட்டைக் கேட்பதைவிடப் பாட்டு வருகிற பெட்டியைக் கேட்பதில்தான் அவர்களுக்குச் சிரத்தை அதிகம். அவர்களை நம்பிச் சில சாதனங்கள் விற்பனைக்கு வந்தன. காம்பாக்ட் டிஸ்க்கின் விளிம்பில் பூசப் பச்சை மை. விளிம்பைச் சீவ ஒரு யந்திரம். தட்டிலிருந்து காந்தத்தை இறக்க ஒரு பெட்டி. லட்சம் ரூபாயைத் தாண்டியவையும் இவற்றில் உண்டு. இவற்றால் நாதம் துலங்குகிறதா?

பழைய அரக்குத் தட்டு விஷயத்தில் தகராறே இல்லை. ஊசி பள்ளத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பள்ளத்தில் தூசி இருந்தால் அதுவும் கூடச் சேர்ந்து பாடும். பக்குவமாகக் கழுவினால் பாட்டுத் தெளியும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். வைத்தியமும் உண்டு, விஷமும் உண்டு. இரண்டின் பலனையும் எந்தக் காதும் கண்டுகொள்ளும்.

1982-ல் கடைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் வேறு பிறவி. அதில் இருப்பது ஒலியின் வடிவமல்ல, கணக்கு. நொடிக்கு 44,100 அளவுகள், இடது வலது இரண்டுக்கும் தனித்தனியே, நுண்ணிய குழிகளாகப் பதிந்திருக்கின்றன. அவற்றை வாசிக்கும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்கு மை பச்சையாயிருப்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. காஸெட் நாடாவில் பாட்டு காந்தமாக இருந்தது, வாஸ்தவம். இங்கே இருப்பது பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும்; இறக்குவதற்குக் காந்தம் ஏது? கீறல் விழுந்தாலும், ரீடும் சாலமனும் 1960-ல் வெளியிட்ட கணித முறை சுமார் 2.5 மில்லிமீட்டர் தடம் அழிந்ததைக்கூட முழுதாக மீட்டுக்கொடுத்துவிடும்.

“எண்கள் சரி, அவை வந்து சேரும் கதி?” என்று கேட்பார்கள். காவிரியில் வெள்ளம் எப்படி வந்தாலும், முக்கொம்பில் மதகு திறந்த அளவுக்குத்தான் கீழே தண்ணீர் போகும். அதுபோலப் பெட்டியும் எண்களைச் சற்றே தேக்கி, ஒரு படிகக் கடிகாரத்தின் கணக்கில்தான் வெளியே விடுகிறது.

ஆனால் காது சாட்சி சொல்கிறதே! திருச்சியில் சத்திரம் பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு மாடி அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழே ஸ்ரீரங்கம் பஸ் ஹாரன் அடிக்கிறது. கண்டக்டர் விசில் ஊதுகிறார். அதற்கு நடுவில், மை பூசியபின் தம்புராவின் பஞ்சமம் இன்னும் சுத்தமாகக் கேட்கிறது என்கிறார் ஒரு ரசிகர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்கிறது.

சோதிக்க வழி இருக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு தட்டுகள் வாங்கி, ஒன்றுக்கு மட்டும் மை பூசட்டும். வீட்டுப் பையன் ஒருவன் திரைக்குப் பின்னால் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, பத்துத் தடவை ஏதாவது ஒன்றை வைக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ ஊகத்தால் அமைவது நூற்றில் ஒரு தடவைதான். அவர் ஒன்பது சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சாதனம் எதையுமே மாற்றவில்லை என்று சொல்ல மாட்டேன். பணம் கொடுத்தவர் மறுபடி உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, முன்பு கவனிக்காத தம்புராவைக் கவனிக்கிறார். மாறியது தட்டல்ல, கேட்பவர். அந்தக் கவனத்துக்குக் காசு வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்தினால் போதும்.

இது பணக்காரர் விளையாட்டு என்று தள்ளிவிட முடியவில்லை. விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கிற இதே காதுதான் சபையிலும் முன்வரிசையில் இருக்கிறது. பட்டமும் பெயரும் இன்னும் வராத ஒரு பிள்ளை மேடை ஏறும்போது, அவனுக்குத் தீர்ப்புச் சொல்வது அந்தக் காதுதான். அவன் தலையெழுத்தை நினைத்தால் கவலையாக இருக்கிறது.