வேடனின் கழிவிரக்கம்: சீறாப்புராணத்தின் ஒரு படலம் பற்றி

கழிந்ததற்கு இரங்குதல் எல்லா மனிதர்க்கும் பொது. அவ்விரக்கம் ஒருவனை வீழ்த்துகின்றதா, வளர்க்கின்றதா என்பதிலேயே வேறுபாடு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் யாத்த 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தில், 'மானுக்குப் பிணை நின்ற படலம்' நம்மிற் பலர் பள்ளியிற் கற்றதே. நபிகள் நாயகத்தின் கருணைக்கு எடுத்துக்காட்டாகவே அது கற்பிக்கப்படுகின்றது. அதனால் வேடன் நம் கண்ணிற் படாது போய்விடுகின்றான்.

வலையிற் சிக்கிய மான், கன்றுக்குப் பாலூட்டி மீள விடை வேண்டுகின்றது. நபிகள் பிணை நிற்கின்றார். கானகம் புகுந்த விலங்கு மீளுமோ என வேடன் எள்ளுகின்றான். ஆனால் மான் கன்றையும் உடன்கொண்டு திரும்பி வருகின்றது. 'பிணை' என்னும் சொல் பெண்மானையும் குறிக்கும், பொறுப்பேற்றலையும் குறிக்கும். பிணையே பிணையைக் காத்தது எனலாம். ஈண்டு வேடனை மாற்றியது அறிவுரையன்று. காப்பாற்றப்பட்ட ஒரு வாக்கு. தன் மனத்தைக் கொண்டே மானின் மனத்தை அளந்தவன், தன் அளவுகோலே பிழை எனக் காண்கின்றான். அக்கணமே அவன் வருந்தி ஈமான் கொள்கின்றான். மானும் கன்றுடன் விடுதலை பெறுகின்றது.

இதனைச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையோடு ஒப்பிடுதல் தகும். பாண்டியன் நெடுஞ்செழியனும் தன் அளவுகோல் பிழைத்ததை ஒரு கணத்தில் உணர்கின்றான். உணர்ந்ததும் அரியணையிலேயே உயிர் நீக்கின்றான். அவன் நேர்மையை ஐயுறுவார் இலர். ஆயினும் அம்மரணத்தாற் கண்ணகி பெற்றது யாது? நீதி செய்ய வேண்டியவன் மறைந்தான், மதுரை எரிந்தது. இரக்கம் பெரிதாயினும் அதனால் விளைந்த நன்மை இல்லை.

இஸ்லாமிய மரபு தௌபாவுக்கு நான்கு நிபந்தனைகளைக் கூறும்: தவற்றை விடுதல், அதற்கு வருந்துதல், மீளச் செய்யேன் என உறுதி கொள்ளுதல், பிறர் உரிமையைப் பறித்திருப்பின் அதனைத் திருப்பி அளித்தல். வருத்தம் இவற்றுள் ஒன்றே, முழுமையன்று. பாண்டியனிடத்து அவ்வொன்றே நிறைந்து வழிகின்றது. வேடனிடத்து மற்றவற்றுக்கும் வழி திறக்கின்றது.

எனினும் உமறுப்புலவரிடமும் ஒரு குறை காண்கின்றேன். மனம் மாறிய வேடன் மறுநாள் எதை உண்டான்? வேட்டையை விட்டவன் எத்தொழிலைக் கைக்கொண்டான்? புலவர் இதனை விரித்துரைக்கவில்லை. மாற்றத்தின் கணம் அழகானது. வளர்ச்சியோ அதன் பின்வரும் நாட்களுக்குரியது. உமறு கத்தாபின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். தம் அடியால் வடிந்த சகோதரியின் குருதியைக் கண்டு நெகிழ்ந்த அவர், பின்னர் 634 முதல் 644 வரை கலீபாவாக இருந்து நீதிக்குப் பெயர் பெற்றார். அந்நெகிழ்ச்சியின் பெறுமதியை அவருடைய நெடிய வாழ்வே நமக்கு உணர்த்துகின்றது.

இவ்வினா எனக்கு ஏட்டு வினா மட்டுமன்று. கல்முனைக்குடியில் என் மூத்தம்மா நாட்டுக் கவிகள் பல அறிந்தவர். எழுதி வைக்குமாறு பலமுறை கேட்டார். பரீட்சை முடியட்டும் என்றேன். அது முடியுமுன் அவர் மௌத்தாகிவிட்டார். பல மாதங்கள் கவி என்ற சொல்லைக் கேட்கவும் அஞ்சினேன். அது பாண்டியன் வழி என இப்போது அறிகின்றேன். கடந்த விடுமுறையிற் கொப்பியுடன் அயல்வீட்டு மூதாட்டியரிடம் சென்றமர்ந்தேன். 43 கவிகள் கிடைத்தன. அவற்றுள் மூத்தம்மா பாடக் கேட்டவை மூன்றே. இழந்தவை மீளா. ஆயினும் அம்மூன்றும் இன்று எழுத்தில் உள்ளன.

வேடன் இரங்கினான் என்பதோடு புலவர் பாடலை முடிக்கலாம். வாசகர்க்கு அவ்வுரிமை இல்லை. வேடனின் மறுநாளை எழுதவேண்டியவர் நாமே.