ஆசிரியை, மாணவன், பெயரிடப்படாத குற்றம்: ‘நோட்ஸ் ஆன் எ ஸ்கேண்டல்’ நாவலும் ‘மே டிசம்பர்’ திரைப்படமும்

ஆசிரியை ஒருவர் தம்மிடம் பயிலும் சிறுவனைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குவதைப் பொதுச் சமூகம் எச்சொல்லால் அழைக்கிறது என்பது சட்டவியலார்க்கு மட்டும் உரிய வினா அன்று. ஆணாசிரியர் செய்யுமிடத்துக் கொடுமை எனப் பெயர் பெறுவது, பெண்ணாசிரியர் செய்யுமிடத்துக் காதல் என்றும் விவகாரம் என்றும் பெயர் மாறுகிறது. இம்மாற்றத்தில் இரக்கமும் ஏளனமும் அவரையே சுற்றிவர, சிறுவன் குழந்தை என்னும் தகுதியையே இழக்கிறான். மேற்கத்தியப் புனைவு இதனை எதிர்கொண்ட விதத்தை ஒரு நாவல், ஒரு திரைப்படம் ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரு படைப்புகளுக்கும் பின்புலமாகக் கொள்ளத்தக்கது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வழக்கு ஒன்று. தொடக்கப்பள்ளி ஆசிரியை மேரி கே லெட்டோர்னோ 1997இல் கைதானபோது, பாதிக்கப்பட்ட மாணவன் பன்னிரண்டு வயதில் சுரண்டலுக்கு உள்ளானவன். இரண்டாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் அவரிடம் பாடம் கேட்டவன். சட்டம் தடுமாறவில்லை: குழந்தை வன்புணர்வு என்றே குற்றம் சாட்டியது, அவரும் ஒப்புக்கொண்டார். எனினும் ஏழரை ஆண்டுத் தண்டனையில் ஆறு மாதம் நீங்கலாக எஞ்சியது நிறுத்திவைக்கப்பட்டது. நிபந்தனையை மீறியதால் 1998இல் அவர் மீண்டும் சிறை சென்றார். அதே ஆண்டு பிரான்சில் வெளியான நூலின் தலைப்போ ‘ஒரே குற்றம், காதல்’ எனப் பொருள்படுவது. 2005இல் அவர் அம்மாணவனையே மணந்தபோது, ஊடகங்களிற் பல அதனைக் காதற்கதையின் நிறைவாகவே காட்டின. நீதிமன்றம் சூட்டிய பெயரை எட்டே ஆண்டுகளில் மக்கள் வழக்கு அழித்துவிட்டது எனலாம்.

அதே 2005இல் புளோரிடா ஆசிரியை ஒருவர்மீதான வழக்கில், அவருடைய அழகே சிறையில் அவருக்கு ஆபத்தாகும் என்ற வாதம் பொதுவெளியில் வைக்கப்பட்டது. அவர் வீட்டுக்காவலோடு தப்பினார். இம்மனநிலையைக் கூர்மையாகக் கண்டுகொண்டது இலக்கியம் அன்று, ‘சவுத் பார்க்’ என்னும் கேலிச்சித்திரத் தொடர் என்பது வியப்பிற்குரியது. 2006இல் வந்த ஒரு பகுதியில், குழந்தை ஒருவன் ஆசிரியையால் சுரண்டப்படுவதாக முறையிடச் செல்பவரிடம் காவலர்கள் முதலில் கொதிக்கின்றனர். ஆசிரியை அழகி எனத் தெரிந்ததும் அதே காவலர்கள் சிறுவனைப் பாராட்டத் தொடங்குகின்றனர்.

சோயி ஹெல்லரின் ‘நோட்ஸ் ஆன் எ ஸ்கேண்டல்’ 2003இல் வெளிவந்து, புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. இலண்டன் பள்ளியொன்றின் கலை ஆசிரியை ஷீபா ஹார்ட், பதினைந்து வயது மாணவன் ஸ்டீவன் கானலியைத் தன்வயப்படுத்திக்கொள்கிறார். கதையைச் சொல்பவர் ஷீபாவும் அல்லர், கானலியும் அல்லர். ஓய்வை நெருங்கும் வரலாற்று ஆசிரியை பார்பரா கவெட் சொல்கிறார். தனிமையில் வாடும் பார்பராவுக்கு ஷீபாவின்பால் எழுந்த பற்று, உடைமை வேட்கையாய் முற்றுகிறது. நிகழ்வுகளைக் கால வரிசைப்படுத்தி முக்கியமானவற்றுக்குப் பொன்னிற நட்சத்திரம் ஒட்டுகிறார், மாணவர் ஏட்டைத் திருத்துபவர் போல. உண்மை வெளிப்படுவதும் மாணவன் பொருட்டன்று. பொறாமையின் உந்துதலில் உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவரிடம் பார்பரா கசியவிடுகிறார். ஒரு சிறுவனுக்குத் தீங்கு நேர்கிறது என்ற கவலை அப்பள்ளியில் எவரையும் செயலுக்குத் தூண்டவில்லை.

கானலியின் அகம் நாவலில் எங்கும் திறக்கப்படுவதில்லை. ஷீபா சொல்ல, பார்பரா கேட்டு எழுத, இருமுறை வடிகட்டப்பட்டே அவன் வாசகரை வந்தடைகிறான். இதனை ஹெல்லரின் குறையாகக் கொள்வது எளிது. எனினும் குருட்டுப்பார்வை கதைசொல்லியினுடையது, ஆசிரியருடையது அன்று என்பதே என் துணிபு. ஆனால் வாசகரிற் பலர் அவ்வேறுபாட்டைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மதிப்புரைகள் பல இரு பெண்களின் உறவையே வியந்து பேசி, கானலியை ஒரு தொடர்பின் மறுபாதியாக ஒரு வரியில் கடந்தன. ரிச்சர்ட் அயரின் இயக்கத்தில் 2006இல் வந்த திரைவடிவம் ஜூடி டென்ச், கேட் பிளான்செட் ஆகியோரின் நடிப்புப் போட்டியாகவே கொண்டாடப்பட்டது. பார்பராவின் பார்வையை விமரிசனம் தானும் வரித்துக்கொண்டது.

டாட் ஹெய்ன்ஸ் இயக்கி 2023இல் வெளிவந்த ‘மே டிசம்பர்’ இவ்வெற்றிடத்திலிருந்தே தொடங்குகிறது. சேமி பர்ச் எழுதிய திரைக்கதைக்கு வாஷிங்டன் வழக்கே தூண்டுதல். முப்பத்தாறு வயதில் கிரேசி பதின்மூன்று வயது ஜோவைச் சுரண்டினார். பின்னர் அவனையே மணந்தார். இப்போது ஜோவுக்கு முப்பத்தாறு வயது. பிள்ளைகள் பள்ளிப்படிப்பை முடிக்கும் வேளையில், கிரேசியாக நடிக்கவிருக்கும் நடிகை எலிசபெத் அவர்கள் இல்லத்துக்கு வருகிறார். வண்ணத்துப்பூச்சிகளைப் பேணி வளர்க்கும் ஜோ, தன் வாழ்வை எலிசபெத் ‘கதை’ எனக் குறிப்பிடும்போது சினம் கொள்கிறான். இரவொன்றில், முடிவெடுக்கும் வயது தனக்கு அன்று இருந்ததா எனத் தயங்கித் தயங்கி மனைவியிடம் கேட்கிறான். கிரேசியோ, அவனே தன்னை மயக்கியவன் என்று பழியைத் திருப்பிவிடுகிறார். பொதுமக்கள் பேச்சு இருபதாண்டுகளாகச் சொல்லிவந்ததையே அவர் அந்தப் படுக்கையறையில் சொல்கிறார். ஜோவின் வேடத்துக்கு வந்த சிறுவர்களின் ஒளிப்பதிவைப் பார்த்து, அவர்களிடம் கவர்ச்சி போதவில்லை என எலிசபெத் குறைப்படும் இடத்தில் திரைத்துறையும் கூண்டில் ஏறுகிறது.

ஆயினும் இப்படத்தில் ஒரு விலகல் உண்டு. கிரேசி ஆசிரியை அல்லர். இருவரும் வளர்ப்புப்பிராணிக் கடையொன்றில் பணியாற்றியவர்கள். மூல வழக்கில் குற்றத்துக்கு வழிவகுத்தது வகுப்பறை: மதிப்பெண்ணும், பாராட்டும், பெற்றோர் ஐயமின்றி ஒப்படைத்த நம்பிக்கையும். அதனை நீக்கியதால் கிரேசியின் மனக்கோணல் துலக்கமுற்றது. நிறுவனத்தின் பொறுப்பு மறைந்தது. ஹெல்லரிடம் பள்ளி உண்டு, சிறுவனின் குரல் இல்லை. ஹெய்ன்ஸிடம் சிறுவனின் குரல் உண்டு, பள்ளி இல்லை. ஆசிரியர் என்னும் பதவியே தீங்கின் கருவியாவதை, பாதிக்கப்பட்டவனின் வாய்மொழியாகக் கூறும் பணியை இவ்விரண்டும் எஞ்சவிட்டுள்ளன.

இப்படைப்புகளைத் தமிழில் எழுதிக்காட்ட முற்படுபவர்க்குச் சொல்லே முதல் தடையாகிறது. ‘கற்பழிப்பு’ என்னும் பழஞ்சொல் கற்பு என்னும் கருத்தோடு பிணைந்தது. சிறுவனுக்கு அதில் இடமில்லை. நாளிதழ்களில் பயிலும் ‘கள்ளக்காதல்’, ‘உல்லாசம்’ ஆகியன குற்றத்தைக் கேளிக்கையாக்குகின்றன. அவற்றினும் நயமாகத் தீங்கு செய்வது ‘தகாத உறவு’: உறவு என்றதும் இருவர் வந்துவிடுகின்றனர், பழியும் இருவர்க்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. இந்தியாவின் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும் பால் வேறுபாடின்றிக் குழந்தை என்கிறது; அதன் ஆங்கில வாசகத்திலுள்ள ஆண்பாற் சுட்டுப்பெயர் ஆணை மட்டும் குறிக்காது என 2024இல் தில்லி உயர் நீதிமன்றமும் விளக்கியது. ‘வன்புணர்வு’, ‘பாலியல் சுரண்டல்’ என்னும் புதிய ஆக்கங்கள் தமிழில் உள்ளன. இருப்பினும் ஹெல்லரின் நாவலைத் தமிழாக்குபவர் பார்பராவின் வாயில் ‘சுரண்டல்’ என்ற சொல்லை வைக்க இயலாது. வைத்தால் நாவல் பொய்யாகும். பார்பரா ‘தொடர்பு’ என்றே சொல்லட்டும். முன்னுரையிலும் மதிப்புரையிலும் அதே சொல்லை எழுதுவதற்கு அந்த நியாயம் கிடையாது.