மனு ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்: கருத்துக் கேட்புக் குறிப்புகளை வாசித்தல்

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை யாரும் ஒரு எழுத்து வகையாக எடுத்து விமர்சிப்பதில்லை. வழக்கறிஞர்கள் படிக்கிறார்கள், சூழல் செயல்பாட்டாளர்கள் படிக்கிறார்கள், அதுவும் வழக்குக்குத் தேவையான பக்கத்தை மட்டும். ஆனா ஒரு ஊர் தன்னைப் பத்தி என்ன சொல்லுச்சு, அரசு அதுல எதைக் காதில் வாங்குச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா, இதைவிட நேரடியான எழுத்து நம்மிடம் கிடையாது. வடசென்னையைப் பொறுத்தவரை சினிமாவும் நாவலும் சொன்னதைவிட இந்தக் குறிப்புகள் சொல்வது அதிகம். என்ன, சுவாரசியமா இருக்காது.

சாத்தாங்காட்டை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில் இருக்கிற ஊர். பெயரில் காடு இருக்கு. இன்னைக்குச் சாத்தாங்காடுன்னா லாரிக்காரருக்கு இரும்பு மார்க்கெட். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைப்பதற்காக இரும்பு, எஃகு வியாபாரத்தை அங்கிருந்து நகர்த்த சி.எம்.டி.ஏ. போட்ட வளாகம் அது. திருவொற்றியூர்க்காரருக்குச் சாத்தாங்காடுன்னா குப்பைக் கிடங்கு. திருவொற்றியூர் தனி நகராட்சியாக இருந்த காலத்திலிருந்தே குப்பை அங்கேதான் போச்சு. ஒரு பக்கம் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள். நகரத்தின் மையத்தில் வைத்துக்கொள்ள முடியாததையெல்லாம் கொண்டுவந்து இறக்கிய நிலம் என்று ஒரே வரியில் சொல்லிடலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விரிவான மாசுக் குறியீட்டில் 70 தாண்டினால் அது மிக மோசமாக மாசடைந்த பகுதி. மணலி 2009ல் வாங்கிய மதிப்பெண் 76.32. 2018ல் 84.15.

இப்படி ஒரு ஊரில் இருப்பவர் தன் குறையை எங்கே போய்ச் சொல்வது? குப்பை நாற்றம்னா மாநகராட்சி. ஆலை நாற்றம்னா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பக்கத்து மனை குடியிருப்பிலிருந்து கிடங்காக மாறினால் சி.எம்.டி.ஏ. பக்கிங்காம் கால்வாயில் எண்ணெய் மிதந்தால் நீர்வளத்துறை. லாரி நெரிசல்னா போக்குவரத்துக் காவல், அப்புறம் துறைமுகம். ராத்திரி ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது எந்தத் துறையின் நாற்றம்னு முதலில் மூக்கு பிரிச்சுச் சொல்லணும். மனு எழுதுவது அதற்குப் பிறகுதான்.

இத்தனை வாசல்களில், மக்கள் பேசியதை எழுத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் இடம், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் கருத்துக் கேட்பு. அந்த அறிவிக்கையைக் கொஞ்சம் நிதானமாப் படிச்சுப் பாருங்க. கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் விண்ணப்பதாரரிடம் தகவலும் விளக்கமும் கேட்க வாய்ப்பு தரவேண்டும் என்கிறது. தகவல், விளக்கம். அவ்வளவுதான். ‘வேண்டாம்’ என்று சொல்ல வந்தவருக்கும் சட்டம் தருவது கேள்வி கேட்பவரின் நாற்காலியைத்தான். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற எண்ணிக்கையும் கிடையாது. பேசி முடித்த பிறகு, வாரியத்தின் பிரதிநிதி சுருக்கம் எழுதி, அதை அங்கேயே தமிழில் விளக்கிப் படித்துக் காட்டவேண்டும். கூடவே ‘மக்கள் எழுப்பிய பிரச்சினைகள்’, ‘விண்ணப்பதாரரின் கருத்துகள்’ என்று ஒரு அறிக்கையையும் தயாரித்து இணைக்கவேண்டும்.

நான் விமர்சனம் செய்ய நினைப்பது இந்தக் கடைசி இணைப்பைத்தான். பெரும்பாலும் அது இரண்டு கட்டம் போட்ட அட்டவணையாக வரும். இடப்பக்கம் மக்கள், வலப்பக்கம் நிறுவனம். பார்க்க நியாயமாத்தான் இருக்கும்: கேட்டதும் இருக்கு, சொன்னதும் இருக்கு. உள்ளே என்ன நடக்குதுன்னா, இடப்பக்கத்தில் ஏறும்போதே பேச்சு உடைகிறது. ஒருத்தர் எழுந்து, ‘போன கார்த்திகையில மூணு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல நெடி, என் அம்மாவைத் தூக்கிட்டு ஸ்டான்லிக்கு ஓடினேன், இன்னொரு ஆலை வந்தா நாங்க எங்க போறது’ன்னு சொல்றார்னு வச்சுக்குவோம். அட்டவணையில் அது ‘காற்று மாசு குறித்த கவலை’ என்று வரும். நேரம் போச்சு, ஆஸ்பத்திரி போச்சு, அம்மா போயாச்சு. ‘எங்க போறது’ என்ற கேள்விக்குக் கட்டமே இல்லை. ஏன்னா அது தகவலும் இல்லை, விளக்கமும் இல்லை.

வலப்பக்கத்தின் இலக்கணம் இன்னும் விசேஷம். ‘கருவி பொருத்தப்படும்.’ ‘வரம்புக்குள் பராமரிக்கப்படும்.’ ‘பசுமை வளையம் உருவாக்கப்படும்.’ ‘உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை அளிக்கப்படும்.’ எல்லா வாக்கியமும் எதிர்காலம், எல்லா வினையும் செயப்பாட்டு வினை. யார் பொருத்துவார், எந்த மாதம், பொருத்தாவிட்டால் யாரைக் கேட்பது, எதுவும் கிடையாது. மக்கள் பேசுவது நடந்து முடிந்த காலத்தில். தேதியோடு, தெருப் பெயரோடு பேசுகிறார்கள். பதில் வருவது இன்னும் வராத காலத்தில். நடந்த ஒன்றுக்கு, நடக்கப்போகும் ஒன்றைப் பதிலாகத் தருவதுதான் இந்த அட்டவணையின் உத்தி. இதை யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த சதியாக நான் நினைக்கவில்லை. படிவமே அப்படித்தான் எழுத வைக்கும்.

நடந்தவை என்னென்ன என்று கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறுச்சு. வாளி வைத்து அள்ளிய படங்களை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்தில் இறங்குச்சு. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் அமோனியா நெடியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும், கடலடியில் கிடக்கும் குழாயில் கசிவு. மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள்.

2024 டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு, அதாவது 660 மெகாவாட்டுக்கு, கருத்துக் கேட்பு நடந்தபோது கூட்டத்துக்கு வந்த ஊர் இந்த அனுபவங்களோடு வந்த ஊர். அந்தச் சுற்றுவட்டத்தில் ஏற்கெனவே வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று கட்டங்களும் (630, 1200, 800 மெகாவாட்), வல்லூரின் 1500ம் இருக்கு. ‘இன்னொன்று தாங்குமா’ என்பதுதான் கேள்வி. திட்டத்துக்குத் திட்டம் தனித்தனியாகப் போடும் அட்டவணைக்கு இந்தக் கூட்டல் கணக்கு வராது. ஒவ்வொரு புகைபோக்கியும் தன் வரம்புக்குள் இருப்பதாகச் சொல்லும். மொத்தம் நம்ம நெஞ்சில்தான் கூடும்.

இதில் மாநகராட்சி எங்கே? நான் முக்கியமா சொல்ல வந்தது இதைத்தான். அதே அறிவிக்கையில் உள்ளாட்சி அமைப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வரைவு அறிக்கையின் பிரதி மாவட்ட ஆட்சியர், மாவட்டத் தொழில் மையம் முதலானவர்களோடு மாநகராட்சிக்கும் அனுப்பப்படும். மாநகராட்சி அதை அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும், கருத்து அனுப்பச் சொல்லி விளம்பரப்படுத்தவேண்டும். அதாவது நாம ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் மன்றத்துக்கு இந்த நாடகத்தில் கிடைத்த வேடம் நூலக அலமாரி. கூட்டத்துக்குத் தலைமை மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் பிரதிநிதி. ஏற்பாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மன்றம் கூடி விவாதித்து ‘எங்கள் வார்டுகளின் நிலைப்பாடு இது’ என்று தீர்மானம் போட்டால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவத்தில் இடமில்லை. கவுன்சிலர் வந்தாலும் கூட்டத்தில் எழுந்து நிற்கும் இன்னொருத்தர்தான்.

அந்த வேடத்தைக்கூட நடிக்க ஆள் இல்லாத காலமும் இருந்தது. திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் நகராட்சிகள் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆச்சு. நடந்து போய் நகராட்சித் தலைவரைப் பார்த்துச் சண்டை போடக்கூடிய தூரத்தில் இருந்த மன்றம் ரிப்பன் மாளிகைக்குப் போனது. அப்புறம் 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரி ஆட்சி. கப்பல் மோதல் அந்த இடைவெளியில்தான். 1996ல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் இருந்த எண்ணூர் கழிமுகம் பிந்தைய வரைபடத்தில் காணோம் என்று செயல்பாட்டாளர்கள் 2017ல் கிளப்பிய விவகாரமும் அந்த இடைவெளியில்தான்.

சரி, மன்றம் வந்துவிட்டது. இப்போ கொடுங்கையூரைப் பாருங்க. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை போட முன்வந்திருப்பது மாநகராட்சி. 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றது அதை எதிர்த்துத்தான். இங்கே அட்டவணையின் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே நம்ம மாநகராட்சி. ஆக, அதற்கு இரண்டு வேடம் தெரியும்: அலமாரி, இல்லைன்னா விண்ணப்பதாரர். மக்கள் பக்கத்துக் கட்டத்தில் உட்காரும் மூன்றாவது வேடத்தை யாரும் எழுதவில்லை.

நிலப் பயன்பாடு என்று வந்தால் பிரதியே வேறு: 2008 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டம், 2026 வரைக்குமானது. அதன் வரைபடத்தை ரசிக்கத் தெரியணும். ஆதாரக் குடியிருப்பு ஒரு நிறம், தொழில் ஒரு நிறம், ‘சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில்’ தனி நிறம். கோடு போட்ட மாதிரி பிரியும். காற்று அந்தக் கோட்டில் நின்னு அனுமதி கேட்டுட்டு வராது என்பது வரைபடத்தின் குறையா என்று கேட்டால், ஆமாம், குறைதான். அபாயகரம் என்று பெயர் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குடியிருப்பு நிறம் பூசியவர்கள் அந்தப் பெயரை அவர்களே நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கணும். வகை மாற்றத்துக்கு யாராவது விண்ணப்பித்தால் பத்திரிகையில் ஆட்சேபணை கேட்டு ஒரு சின்ன விளம்பரம் வரும். சர்வே எண்ணோடு வரும் அந்த விளம்பரம் தன் தெருவைப் பற்றியதுதான் என்று சாத்தாங்காட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

நம்ம தரப்பு எழுத்தையும் விட்டுவைக்க வேண்டாம். 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’, கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடியது, ஒரு வசைச்சொல்லைத் திருப்பி மரியாதைக்குரிய சொல்லாக்கியது. கருத்துக் கேட்பு அட்டவணையால் முடியாததை அது செய்தது, வருத்தத்தை வருத்தமாகவே பதிவு செய்தது. ஆனா பாட்டு பாடுவது கழிமுகத்தை. நீர், அலையாத்தி, மீன் இருக்கிற இடத்தை இழந்தோம் என்று சொன்னால் கேட்பவர் நெஞ்சு கரையும். சாத்தாங்காட்டுக்கு அப்படிக் காட்ட ஒரு முகம் இல்லை. இரும்பு யார்டும் குப்பைமேடும் லாரி புழுதியும் பாட்டுக்கு ஏறாது. அழகாக இருந்ததால் காப்பாற்றுங்கள் என்ற வாதம், ஏற்கெனவே அசிங்கமாக்கப்பட்ட ஊருக்கு உதவாது. அங்கே இருப்பவர் கேட்பது, ‘அழகா இல்லாட்டியும் மூச்சு விடணுமே’. செயல்பாட்டாளர்களின் நல்ல அறிக்கைகள் பலவும் ஆங்கிலத்தில் முதலில் வந்து, தமிழில் சுருக்கமாக வருகின்றன. அரசுத் தரப்பு தாக்க மதிப்பீட்டு அறிக்கையிலும் இதே கதைதான்: தமிழில் கட்டாயம் கிடைப்பது நிர்வாகச் சுருக்கம் மட்டும்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு நம்பிக்கை தரும் எழுத்து சாதாரண மனுதான். ‘பொருள்:’ என்று ஆரம்பித்து, தெருப் பெயர், தேதி, எத்தனை மணி, எத்தனை வீடு என்று போகும். கீழே கையெழுத்து வரிசை, சில பெருவிரல் ரேகை. அட்டவணை தூக்கி எறியும் விவரமெல்லாம் மனுவில் முழுசா இருக்கும். அதை மன்றத்தின் பதிவேட்டில் ஏற்ற ஒரு வழியும் இப்போது காகிதத்தில் உண்டு. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243எஸ் பிரிவு 1993லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022ல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடின, பம்மலில் முதலமைச்சரே உட்கார்ந்தார். பகுதி சபையில் தெருவிளக்கும் வடிகாலும் பேசலாம் என்பது எல்லோருக்கும் புரிகிறது. ஆலை நெடியைப் பேசினால், ‘அது நம்ம துறை இல்லைங்க’ என்ற பதிலையும் சேர்த்துக் குறிப்பில் எழுதச் சொல்லணும். எத்தனை முறை அந்தப் பதில் வந்தது என்று எண்ணிக்கையாவது கிடைக்கும்.

மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. சாத்தாங்காட்டுப் பழைய குப்பையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் வேலையை மாநகராட்சி ஏற்கெனவே கையில் எடுத்தது. மீட்ட நிலத்துக்குப் புது வரைபடத்தில் எந்த நிறம் பூசப் போகிறார்கள்? பூங்காவா, கிடங்கா, மறுபடியும் குப்பை சம்பந்தப்பட்ட ஏதாவதா? திருவொற்றியூர் மண்டலத்தின் அடுத்த பகுதி சபையில் யாராவது இந்த ஒரு கேள்வியை மட்டும் தேதி போட்டு எழுத்தில் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கினால், அந்தக் குறிப்பின் நகலைப் படிக்க ஆசை.