எலியின் மூளையும் மனிதரின் நோயும்

மரபணு மாற்றப்பட்ட எலியை, மூளையின் இரகசியங்களைத் திறக்கும் சாவியென அறிவியல் கட்டுரைகள் வருணிப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வருணனையை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோயே இதற்குத் தக்க சான்று.

பார்க்கின் என்னும் மரபணுவின் பழுது, இளவயதிலேயே இந்நோயை உண்டாக்குவதை 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பின்னர் அம்மரபணு நீக்கப்பட்ட எலிகள் உருவாக்கப்பட்டன. ஆனால், நோயுற்ற மனித மூளையில் மடிகின்ற டோபமைன் நரம்பணுக்கள் அவ்வெலிகளில் குறிப்பிடத்தக்க அளவில் மடியவில்லை.

ஆகவே, அந்நரம்பணுக்களை அழிக்கும் நஞ்சின் துணையை ஆய்வுலகம் இன்றும் நாடுகிறது. எம்.பி.டி.பி. என்னும் நஞ்சு செலுத்தப்பட்ட எலிகளில், கறுப்புத் தேயிலையிலுள்ள தியாஃபிளேவின் நரம்பணுக்களைக் காப்பதாகச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். மதிக்கத்தக்க பணி அது. ஆயினும், தேநீரே மருந்தென்று எவரும் முடிவுகட்டலாகாது. இத்தகைய சோதனைகளில் நஞ்சோடு காப்புப்பொருளும் ஊட்டப்படுவதே பெரும்பாலும் வழக்கம். கடலூரிலிருந்து நடுங்கும் கையோடு சிதம்பரம் மருத்துவமனைக்கு வருபவரோ, அந்நரம்பணுக்களில் பெரும்பகுதியை முன்னரே இழந்தவர். அவருக்குத் தேவை காப்பன்று, மீட்பு.

எலிச் சோதனை வீண் என்பதன்று நம் வாதம். மரபணுவை இழந்தும் எலி நோயுறவில்லை என்பதே ஓர் அறிவு. ஒரு மரபணுவின் பழுது மட்டுமே நோயின் முழுக்கதையன்று என்பதை அது உணர்த்துகிறது. வெற்றியை முழங்குவோர் இத்தோல்வியையும் அதே குரலில் சொல்லவேண்டும். ஆய்வில் உயிர்விடும் பிராணிக்கும், நம்பிக்கையோடு காத்திருக்கும் நோயாளிக்கும் நாம் செலுத்தவேண்டிய அமானிதம், மிகையற்ற சொல்லே.