16 வாரமும் ஒரு பீக்கர் தண்ணீரும்

ஒன்பதாம் வகுப்பு. ஸ்பிரிட் விளக்கின் மேல் பீக்கரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாடம் நடத்தியவர் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, பி.எட். கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்திருந்த பெண். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "மிஸ், அந்தக் குமிழிக்குள்ள என்ன இருக்கு?" "காத்து" என்றார் அவர். சொன்னதுமே சந்தேகம் வந்து, "இல்ல, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்..." என்று இழுத்தார். மணி அடித்துவிட்டது.

பின்னால் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த ஆசிரியரான எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. 1991-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் போட்னர், வேதியியல் மேற்படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு எழுதியிருக்கிறார். பெரும்பாலோர் நீராவி என்று சரியாகச் சொன்னார்கள். காற்று, ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்றவர்களும் இருந்தார்கள். ஐந்து வருடம் சமன்பாடு எழுதித் தேறியவரிடமும் இப்படி ஒரு ஓட்டை ஒளிந்திருக்கும். பல்கலைக்கழகத் தேர்வு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒரு நிமிடத்தில் விரலை வைத்துவிடுகிறான். பள்ளிப் பயிற்சியின் முதல் பலன் இதுதான் என்பேன்: சொல்லிக்கொடுக்கப் போனவர் தன் வேதியியலையே மறுபடி படிக்கிறார்.

மறுநாள் அவர் ஓர் எவர்சில்வர் தட்டில் குளிர்ந்த நீர் ஊற்றி எடுத்துவந்தார். கொதிக்கும் பீக்கருக்கு மேலே அதைப் பிடித்தார். தட்டின் அடியில் முத்து முத்தாகத் துளிகள். "நேத்து நான் சொன்னது தப்பு. குமிழிக்குள்ள இருந்ததும் இந்தத் தண்ணிதான், ஆவியா இருந்துச்சு." கண்ணில் படும் பொருள், கண்ணில் படாத மூலக்கூறு, தாளில் எழுதும் குறியீடு என்று மூன்று தளங்களில் ஒரே சமயத்தில் ஓடுவதால்தான் வேதியியல் பிள்ளைகளுக்குக் கடினமாகிறது என்று விளக்கியவர் கிளாஸ்கோவின் அலெக்ஸ் ஜான்ஸ்டன். அவற்றில் முதல் இரண்டையும் அன்று ஒரு சாப்பாட்டுத் தட்டு சேர்த்துக் கட்டியது.

அந்தப் பயிற்சி ஆசிரியையின் பாடக்குறிப்பு நோட்டில் இது எதுவும் இல்லை. முந்தின நாள் பாடத்துக்கு நேராக, பாடம் நடத்துவதற்கு முன்பே எழுதிய ஒரு வரி இருந்தது: "மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்." மதிப்பெண் அந்த நோட்டுக்குத்தான். தவறியதை எழுத அதில் இடமே கிடையாது. இந்தப் பயிற்சியின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு வருடமாக்கின. முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்றும் சொல்லின. முன்பிருந்த 40 நாளோடு ஒப்பிட்டால் நல்ல மாற்றம்தான், நானும் வரவேற்றேன். ஆனால் நாள் கூடியதும் ரெக்கார்டும் கூடியது. சார்ட், ஆல்பம், கேஸ் ஸ்டடி என்று இரவெல்லாம் எழுதிவிட்டு, காலையில் தூக்கக் கண்ணோடு வருகிறார்கள். சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதுவது ஊரறிந்த வழக்கம். கல்லூரியிலிருந்து வரும் பேராசிரியர் ஒரு நாள் வந்து, அரை வகுப்பு பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்.

பள்ளிகளும் குற்றமற்றவை அல்ல. லீவு போட்ட ஆசிரியரின் வகுப்புக்கு "ட்ரெய்னிங் மிஸ்ஸை அனுப்பு" என்கிறோம். எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரம் பதிவதற்கும் தேர்வு அறைக் கண்காணிப்புக்கும் அவர்கள்தான். பொதுத்தேர்வு பயத்தில் பிளஸ் டூ வகுப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. நாளைக்கு முதுகலை ஆசிரியராகப் பிளஸ் டூ வேதியியல் எடுக்கப்போகிறவர், அந்த வகுப்பில் ஒருநாள்கூட நிற்காமல் சான்றிதழ் வாங்கிவிடுகிறார். இத்தனை வேலைக்கும் உதவித்தொகை கிடையாது. பயிற்சி மருத்துவருக்குக் கொடுக்கிறோம். இவர்களோ கைக்காசு போட்டு பஸ் ஏறி வருகிறார்கள். இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயிற்சி வரும் காலமும் தவறு. பிரிட்டனில் 2002-ல் சைமன் சிங்கும் ஹ்யூ மேசனும் தொடங்கிய திட்டத்தில், இளநிலை படிக்கும்போதே அறிவியல் மாணவர்கள் வாரத்தில் சில மணி நேரம் பள்ளிக்குப் போகிறார்கள். அது பட்டப்படிப்பின் ஒரு தாளாகவே கணக்காகிறது. இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பது பட்டம் வாங்கும் முன்பே தெரிந்துவிடும். அதைக் கொண்டே ஒருவர் முழு ஆசிரியராகிவிட முடியாதுதான். ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பி.எட். கட்டணமெல்லாம் கட்டிய பிறகுதான் முதன்முதலாகச் சாக்பீஸைத் தொடுகிறார்கள். மைசூர் மண்டலக் கல்வி நிறுவனத்தில் இருப்பதுபோன்ற நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பில் சேர்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எங்கள் ஆய்வகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஆசிட் விஷயம், பொறுப்பு யாருடையது?" என்று சொல்லி நானே பல வருடம் பயிற்சி ஆசிரியர்களை உள்ளே விட்டதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கடைசி வாரத்தில்தான் சாவி கொடுத்தேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பெர்மாங்கனேட் டைட்ரேஷன். ஒரு மாணவி பியூரெட்டை அவசரமாகத் திறந்து, குடுவையில் கரைசலைக் கருஞ்சிவப்பாக்கிவிட்டாள். இவர் திட்டவில்லை. அதைக் கொட்டச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக விடவைத்தார். குலுக்கியும் மறையாத வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி மலர்ந்தது. பதினைந்து வாரம் முன்னாலேயே நான் அவரை அங்கே நிறுத்தியிருக்கலாம்.

அடுத்த அணிக்கான கடிதம் வந்துவிட்டது. நான்கு பேர், அவர்களில் இரண்டு பேர் வேதியியல். வந்து சேரும் அன்றைக்கே அவர்களிடம் ஆய்வகச் சாவியைக் கொடுத்து, முதல் மாதம் நானும் கூடவே நிற்பதாக இருக்கிறேன்.